199ஆம் இலக்கமும் நாமும்

2012இல் ரூபவாஹினி ஒரு கொரியத் தொடரைச் சிங்களத்தில் ஒலிமாற்றி, 'சுஜாத தியணி' என்ற பெயரில் ஒளிபரப்பியது. தென்கொரியாவின் எம்.பி.சி. நிறுவனம் 2003, 2004 ஆண்டுகளில் 54 பகுதிகளாகக் காட்டிய 'டே ஜங் கும்' தான் அது. அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்குச் சேரும் ஓர் அநாதைச் சிறுமி, சூழ்ச்சிக்கு இரையாகி ஜெஜு தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறாள். அங்கே வைத்தியம் கற்று, கடைசியில் அரசனுக்கே வைத்தியராகிறாள். இலங்கையில் அது அடைந்த வெற்றி சாதாரணமானதல்ல. சிங்களம் அரைகுறையாகப் புரிந்த மலையகத் தமிழ் வீடுகளிலும் அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2021 செப்டம்பர் 17 அன்று, அதே கொரியாவிலிருந்து வேறொரு தொடர் வந்தது. இதில் சமையலும் இல்லை, வைத்தியமும் இல்லை. கடனில் மூழ்கிய 456 பேரைப் பச்சை விளையாட்டுச் சீருடையில் நிறுத்தி, சிறுவர் விளையாட்டு ஆடவிட்டு, தோற்றவர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். 'ஸ்குவிட் கேம்' வெளியான முதல் 28 நாள்களில் உலகம் அதைப் பார்த்த நேரம் 165 கோடி மணித்தியாலங்கள் என்று நெட்பிளிக்ஸ் கணக்குக் காட்டியது. ஆங்கிலத்தில் எடுக்கப்படாத எந்தத் தொடரும் அதற்கு முன் அப்படி ஓடியதில்லை. 2022 செப்டம்பரில் அதன் இயக்குநர் ஹ்வாங் டொங் ஹியுக்கும் நாயகன் லீ ஜொங் ஜேயும் அமெரிக்காவின் எம்மி விருதுகளைப் பெற்றார்கள்.

நல்ல மனம் வெல்லும் என்று சொன்ன தொடரை விரும்பிய அதே வீடுகளின் பிள்ளைகள், நல்ல மனம் படைத்தவன் முதலில் சாவான் என்று சொல்லும் தொடரை இரவு விழித்துப் பார்க்கிறார்கள். ரசனை கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் இதற்கு எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பார்ப்பவர்கள் எங்கே இருந்து பார்க்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிலிமத்தலாவையை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்னால் உள்ள ஊர். வீதியோரம் பித்தளை விளக்குகள் விற்கும் கடைகள், சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிக்கும் இலங்கை இறையியற் கல்லூரி, சற்று உள்ளே போனால் எம்பக்கை தேவாலயம், கடலாதெனிய விகாரை. கொஞ்சத் தொலைவில் பல்கலைக்கழகம். இப்படியான ஊர்களில் ஓர் இளைஞருக்குக் கொரியா என்பது திரையில் மட்டும் தெரிகிற நாடு அன்று. ஏதோ ஒரு சுவரில் கொரிய மொழி வகுப்புக்கான விளம்பரம் இருக்கும். தெருவில் யாராவது ஒருவர் கொரியாவில் உழைத்துக் கட்டிய வீடு இருக்கும். பைஸ்கோப் போன்ற தளங்களுக்குத் தன்னார்வத்தில் சிங்கள வசன வரி எழுதுகிறவர்களின் உழைப்பால் சிங்கள இளைஞர்களும், தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி தொடக்கிவைத்த ஒலிமாற்றப் பழக்கத்தாலும் பின்னர் வந்த நெட்பிளிக்ஸின் தமிழ் ஒலித்தடங்களாலும் தமிழ் இளைஞர்களும் ஒரே கதையைப் பார்க்கிறார்கள். அடுத்த நாள் பஸ்ஸில் அவர்கள் பேசிக்கொள்ள ஒரு பொதுவான விஷயம் கிடைத்துவிடுகிறது. நமது அரசியல்வாதிகளால் இத்தனை ஆண்டுகளில் முடியாத காரியம் இது.

'ஸ்குவிட் கேம்' பற்றிப் பேசுகிறவர்கள் முதல் அத்தியாயத்தின் ராட்சதப் பொம்மையைத்தான் சொல்வார்கள். திரும்பிப் பார்க்கும் அந்தப் பொம்மை, அசைந்தவர்கள் மேல் பாயும் குண்டு, 255 பேரின் சாவு. ஆனால் தொடரின் உயிர் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் உண்டு. இடையில் நிறுத்தக் கூடாது. ஆட மறுப்பவர் நீக்கப்படுவார். பெரும்பான்மையோர் விரும்பினால் ஆட்டம் முடியும். எஞ்சிய 201 பேரும் வாக்களிக்கிறார்கள். 101க்கு 100 என்ற கணக்கில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு சாதாரண திகில் படமாக இருந்தால் இங்கே ஒரு சதி நடந்திருக்கும், யாராவது கடத்தப்பட்டிருப்பார்கள். ஹ்வாங் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்குப் போனவர்களை அவர்களுடைய வீட்டையே பார்க்க வைக்கிறார். நாயகன் கி ஹூனின் தாய்க்கு நீரிழிவு, காலை இழக்கும் நிலை, மருத்துவக் காப்புறுதி இல்லை. வடகொரியாவிலிருந்து தப்பிவந்த பெண்ணின் தாயைத் தென்கொரியாவுக்குக் கொண்டுவரத் தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்த அத்தியாயத்தின் பெயர் 'நரகம்'. முடிவில் 187 பேர் தாங்களாகவே ஆட்டத்துக்குத் திரும்பிவருகிறார்கள். திரும்பாதவர்கள் 14 பேர் மட்டும்.

கட்டாயமே இல்லாத ஓர் ஒப்பந்தத்தில், வேறு வழியே இல்லாத ஒருவன் வைக்கும் கையெழுத்து. கொரிய உயிர்ப்போராட்டத் தொடர்கள் பலவற்றின் நடுவில் இருப்பது இந்தக் காட்சிதான். ரத்தம் வேறு நாட்டுத் தொடர்களிலும் ஓடுகிறது. ஜப்பானில் 'பேட்டில் ரோயல்' படம் 2000லேயே மாணவர்களை ஒருவரையொருவர் கொல்லவைத்துவிட்டது. ஹ்வாங்கே 2008 வாக்கில் சித்திரக்கதை வாடகைக் கடைகளில் உட்கார்ந்து அது போன்ற ஜப்பானியக் கதைகளைப் படித்ததாகச் சொல்லியிருக்கிறார். அவற்றிலிருந்து அவர் விலகிய இடம் கடன்.

அவருக்கு அது படித்துத் தெரிந்த விஷயமல்ல. 2008, 2009இல் இந்தக் கதையை எழுதியபோது அவருடைய குடும்பமே கடனில் இருந்தது. ஒரு கட்டத்தில் மடிக்கணினியை விற்க நேர்ந்ததால் எழுதுவதையே நிறுத்தியிருக்கிறார். பத்தாண்டு காலம் எந்தத் தயாரிப்பாளரும் அதைத் தொடவில்லை. கதை மிக விபரீதமானது, நம்பும்படி இல்லை என்றார்கள். அந்தப் பத்தாண்டில் கதை மாறவில்லை, நாடு அதை நெருங்கிவந்தது. 2021 அளவில் கொரியக் குடும்பங்களின் மொத்தக் கடன் அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே மிஞ்சியிருந்தது.

இதன் வேர் 1997இல் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் போய் நின்றது. ஏறத்தாழ 5,800 கோடி டொலர் உதவி உறுதியளிக்கப்பட்டது. நாட்டைக் காப்பாற்ற மக்கள் வரிசையில் நின்று திருமண மோதிரங்களைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். 200 தொன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. கடன் அடைபட்டது. ஆனால் ஒரு கம்பனியில் சேர்ந்தால் ஆயுள் முழுக்க வேலை என்ற பழைய உறுதி அதற்குப் பின் திரும்பி வரவில்லை. 2009இல் ப்யொங்தெக் நகரில் சாங்யொங் மோட்டார் தொழிற்சாலை 2,600க்கும் அதிகமானோரை நீக்க முனைந்தபோது, தொழிலாளர்கள் ஆலையை 77 நாள்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். ஹெலிகொப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திரவம் கொட்டி, அதிரடிப் பொலிஸார் கூரை வழியாக இறங்கி அவர்களை அடித்து வெளியேற்றினர். பின்வந்த ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர் குடும்பங்களில் தற்கொலைகள் தொடர்ந்தன. கி ஹூன் 'டிராகன் மோட்டார்ஸ்' ஆலையில் வேலை இழந்தவன் என்று தொடர் சொல்வதும், ஐந்தாம் அத்தியாயத்தில் இரவுக் காவலின்போது அவன் நினைவில் வேலைநிறுத்தம் வந்துபோவதும் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான். ஹ்வாங் அதை ஒளிக்கவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம். தொடர் வெளியாகி ஏழு மாதம் முடியுமுன், 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே வரிசைகள் தொடங்கிவிட்டன. மார்ச்சில் எரிபொருள் வரிசைகளில் முதியவர்கள் காத்திருந்தபடியே இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்டியில். ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராக மறியல் செய்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். கடுகண்ணாவை மலையேறும் ரயில் பாதையின் அடிவாரம் ரம்புக்கனை. பிலிமத்தலாவைக்காரர்கள் கொழும்பு போகும் ரயில் அந்த நிலையத்தைக் கடந்துதான் போகும். ஜூன் முடிவில் படையினர் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இலக்கமிட்ட டோக்கன் வழங்கினர். ஜூலையில் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்துப் பெற்றோல் கொடுத்தார்கள். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

சீருடையில் ஓர் இலக்கம், கையில் துவக்கு வைத்திருப்பவர் சொல்லும் ஒழுங்கு, யாருக்கு மிஞ்சும் யாருக்கு மிஞ்சாது என்று முன்னால் நிற்பவர்களை எண்ணும் கண்கள். இதை ஒரு திரைக்கதையாசிரியரின் விபரீதக் கற்பனை என்று சொல்லக்கூடிய நிலையில் அந்த ஆண்டு இலங்கையில் எவரும் இருக்கவில்லை.

நாட்டுக் கடன் செய்தியில் வரும். வீட்டுக் கடன் வாசலுக்கு வரும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் விவகார நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்நிதிக் கடன் கிராமப்புறப் பெண்களை என்ன பாடு படுத்துகிறது, வசூலிக்க வருபவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். குழுவாகக் கடன் வாங்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற விதி இந்தக் கடன்களில் வழக்கமானது. பக்கத்து வீட்டுக்காரியைப் பகையாளியாக்கும் விதி அது. தொடரில் நான்காவது ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களை ஜோடி சேரச் சொல்கிறார்கள். எல்லோரும் தாம் மிகவும் நம்புகிறவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். பிறகுதான் அறிவிப்பு வருகிறது: ஜோடிக்குள்தான் போட்டி, தோற்பவர் சாவார். எழுதியவருக்கு ஹிங்குராக்கொடையைத் தெரியாது. ஆனால் ஒற்றுமையாக இருப்பவர்களை எப்படிப் பிரிப்பது என்பதை அவருடைய ஊரும் கற்றிருந்தது.

அந்த நான்காவது ஆட்டம் போளை. முதலாவது அசையாமல் நிற்கும் விளையாட்டு, மூன்றாவது கயிறிழுத்தல், கடைசி ஆட்டம் நிலத்தில் கோடு கீறி ஒரு பக்கம் தடுக்க மறுபக்கம் கடக்கும் 'கணவாய் விளையாட்டு'. கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதன் விதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு ஊர் யானைக்குக் கண் வைத்து, வழுக்குமரம் ஏறி, தலையணையால் அடித்துக்கொண்டு, கடைசியில் கயிறிழுக்கும் நாட்டில் இவை அந்நியமான காட்சிகளே அல்ல. கயிறிழுத்தலில் பலம் குறைந்த அணி எப்படி வெல்லலாம் என்று 1ஆம் இலக்கக் கிழவர் சொல்லும் உத்தி, முதல் பத்து விநாடி வானத்தைப் பார்த்துச் சாய்ந்து பிடி, எதிரி தளரும்போது இழு என்பது, எந்தப் புத்தாண்டு மைதானத்திலும் யாராவது ஒரு அண்ணன் கத்திச் சொல்வதுதான். விதியைப் புரிந்துகொள்ள மூளை உழைக்காதபோது முழுக் கவனமும் முகங்களின் மேல் விழுகிறது. ஜப்பானிய உயிர்ப்போராட்டக் கதைகளில் புதிர்தான் நாயகன். பார்ப்பவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கொரியர்கள் புதிரை எளிதாக்கிவிட்டு மனிதரைச் சிக்கலாக்கினார்கள். கண்ணாடிப் பாலம் கடக்கும் ஆட்டம் பதைபதைக்க வைத்தாலும், பார்த்தவர்கள் பல ஆண்டு கழித்தும் நினைவில் வைத்திருப்பது போளை ஆட்டத்தைத்தான்.

தொடரில் ஆட்டத்தை நடத்துபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பெருமை ஒன்று உண்டு: வெளியுலகம் உங்களைச் சமமாக நடத்தவில்லை, இங்கே எல்லோரும் சமம். அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொண்ட ஒருவரை அவர்கள் கொன்று, உடலைத் தொங்கவிட்டுக் காட்டுவதும் இதற்காகத்தான். கசப்பான விஷயம், பார்ப்பவர் மனதின் ஒரு மூலை அதை ஒப்புக்கொள்கிறது. விதி என்னவென்று தெளிவாக அறிவிக்கப்பட்ட, தோற்றால் ஏன் தோற்றோம் என்று விளங்குகிற ஓர் இடம். வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்விட்டு அமைச்சரின் கடிதத்துக்காக அலைந்த தலைமுறைக்கு அதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்யும்.

அந்தச் சமத்துவப் பேச்சை இன்னும் கூர்மையாக உரித்துக் காட்டியது 2024 மே மாதம் வந்த 'த எய்ட் ஷோ'. பே ஜின் சூவின் இணையச் சித்திரக்கதைகளை வைத்து ஹான் ஜே ரிம் எடுத்த எட்டு அத்தியாயத் தொடர். எட்டுப் பேர், எட்டு மாடி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம். மேல்மாடிக்காரருக்கு நிமிடத்துக்குக் கிடைப்பது அதிகம், முதல் மாடிக்காரருக்கு மிகக் குறைவு. எந்த மாடி என்பது தொடக்கத்தில் ஓர் அட்டையை எடுப்பதில் முடிந்துவிடுகிறது. இங்கே யாரும் யாரையும் கொல்லக் கூடாது. ஒருவர் இறந்தால் ஆட்டமே முடிந்துவிடும். ஆனால் மறைந்திருந்து பார்ப்பவர்களுக்குச் சுவையாக ஏதாவது நடந்தால் நேரம் கூட்டப்படும். ஆகவே ஒருவரையொருவர் வதைக்கத் தொடங்குகிறார்கள். உலகப் புகழில் 'ஸ்குவிட் கேமு'க்குப் பக்கத்திலும் இது வரவில்லை. சிந்தனையில் அதைவிட ஒரு படி மேலே நிற்கிறது. பிறப்பால் கிடைத்த மாடியில் நின்றுகொண்டு உழைப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களைத் தெரிந்த எவரும் இதைத் தவறவிடக் கூடாது.

2022 ஜனவரியில் வந்த 'ஆல் ஒஃப் அஸ் ஆர் டெட்' வேறு காயத்திலிருந்து பிறந்தது. ஹ்யோசன் என்ற ஊரின் உயர்தரப் பாடசாலை ஒன்றில் நடைப்பிணத் தொற்று. மாணவர்கள் வகுப்பறையில் அடைபட்டு, பெரியவர்கள் வந்து மீட்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். ஹெலிகொப்டர் கூரைக்கு மேல் வந்து, அவர்களை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. கொரியர்கள் இதைப் பார்க்கும்போது செவோல் கப்பலை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஏப்ரல் 16 அன்று கவிழ்ந்த அந்தப் பயணிகள் கப்பலில் 304 பேர் இறந்தார்கள், அவர்களில் 250 பேர் சுற்றுலா போன தன்வொன் உயர்தரப் பாடசாலை மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு அவர்கள் அறைகளில் காத்திருந்தார்கள். கப்பல் தலைவர் முதல் ஆள்களில் ஒருவராகத் தப்பினார். தொடரில் மாணவர்கள் வீடியோக் கருவி ஒன்றில் பெற்றோருக்குக் கடைசிச் செய்தி பதிவுசெய்யும் காட்சி, அந்தக் கப்பலில் கண்டெடுக்கப்பட்ட கைப்பேசிப் பதிவுகளை நினைவூட்டுகிறது. பன்னிரண்டு அத்தியாயத்தில் நான்கையாவது வெட்டியிருக்கலாம். ஆனாலும் அதிகாரத்தின் சொல்லை நம்பிக் காத்திருந்து அழிந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் இலங்கைத் தமிழ் வாசகருக்கு அந்தக் கூரைக் காட்சி எங்கே போய்த் தைக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

'கிங்டம்' தொடருக்கோ பிலிமத்தலாவையோடு ஒரு விநோதமான உறவு. கிம் உன் ஹீ எழுதி 2019இல் வெளிவந்த அந்தத் தொடரில், ஜொசொன் காலத்து முதலமைச்சர் சோ ஹக் ஜு செத்த அரசனை நடைப்பிணமாக அரண்மனையில் வைத்துக்கொண்டு, அவன் பெயரில் தானே ஆள்கிறார். மகளான இளவயது ராணிக்கு ஓர் ஆண் வாரிசு பிறக்கும்வரை அந்த உடல் தேவை. கொள்ளைநோயோ பசியிலிருந்து பரவுகிறது: ஒரு வைத்தியசாலையில் பட்டினி கிடந்த ஏழைகளுக்கு மான் இறைச்சி என்று சொல்லி மனித இறைச்சி சமைத்துக் கொடுக்கப்படுகிறது.

பொம்மை அரசனை வைத்து ஆள நினைக்கும் முதலமைச்சரைக் கண்டி வரலாறு முன்பே பார்த்திருக்கிறது. அவருடைய பெயரே இந்த ஊரின் பெயர். 1798இல் மகா அதிகாராக இருந்த பிலிமத்தலாவை, நாயக்கர் வம்சத்து இளைஞன் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணையில் ஏற்றினார். அனுபவமற்ற இளைஞன், சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. கொழும்பில் இருந்த ஆங்கிலேயரோடும் அவர் தனியே பேரம் பேசினார். இளைஞன் வளர்ந்தான், சொல் கேட்கவில்லை, கடைசியில் ஏற்றிவைத்தவரே அவன் கட்டளையால் தலையிழந்தார். அடுத்து வந்த எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்ததற்காக 1814இல் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்த தண்டனையை இன்றும் கண்டியில் நடுக்கத்தோடுதான் சொல்வார்கள். பயந்து ஒதுங்கிய அண்ணனை விலக்கிவிட்டு முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்று சொல்லப்படும் சிறுவன் மத்தும பண்டாரவின் கதை பாடப்புத்தகம் வரை வந்திருக்கிறது. 1815 மார்ச் 2 அன்று இராச்சியமே கைமாறியது. ஆடியவர்களில் எவரும் ஜெயிக்கவில்லை; ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் பரிசை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு கதையைக் கொரியர்கள் வைத்திருந்தால் இந்நேரம் மூன்று பாகம் எடுத்திருப்பார்கள். நாம் அதைப் பரீட்சை வினாவாக வைத்திருக்கிறோம்.

இப்போது 199ஆம் இலக்கம். 'ஸ்குவிட் கேமி'ல் அலி அப்துல் பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி. தொழிற்சாலை விபத்தில் கைவிரல்களை இழந்தவர். முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. முதல் ஆட்டத்தில் கி ஹூனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து அவன் உயிரைக் காப்பாற்றுகிறவர் அவர்தான். படித்தவனும் கொரியனுமான சாங் வூவை மேலதிகாரியை அழைப்பது போலவே மரியாதையாக அழைக்கிறார். போளை ஆட்டத்தில் அந்தச் சாங் வூ அவருடைய பையில் போளைக்குப் பதில் கற்களை வைத்து ஏமாற்றுகிறான். அலியாக நடித்த அனுபம் திரிபாதி டெல்லிக்காரர், கொரியாவின் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் நடிப்புப் பயின்றவர். தொடரின் தெற்காசிய முகம் அவர் ஒருவர்தான். பாகிஸ்தான் என்று எழுதியிருந்தாலும் இலங்கைக்காரர்கள் அதைத் தம் முகமாகவே பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளரை அரசாங்கங்களுக்கு இடையிலான உடன்படிக்கை மூலம் வரவழைக்கும் முறையைக் கொரியா 2004இல் தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்ட ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக, கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் பெயர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஒரு கொரிய முதலாளி தெரிவுசெய்யும் வரை காத்திருப்பார்கள். முதலில் 3 ஆண்டு, நீடித்தால் 4 ஆண்டு 10 மாதம். 2022இல் மட்டும் இலங்கையிலிருந்து எல்லா நாடுகளுக்குமாக 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலருடைய கனவில் முதலிடம் கொரியாவுக்குத்தான். கணக்கு எளிது. 2025இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 10,030 வொன், இலங்கைப் பணத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாய். 2024 செப்டம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபாய். அங்கே ஒரு மணித்தியாலம் உழைத்தால் இங்கே ஒரு நாள் கொழுந்து பறிப்பதைவிட அதிகம். ஆட்டத்துக்குத் திரும்பிய அந்த 187 பேரை முட்டாள்கள் என்று இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. இந்த முறையில் போனவர் நினைத்த நேரத்தில் வேலைத்தலத்தை மாற்ற முடியாது. முதலாளியின் சம்மதமோ சட்டம் ஏற்கும் காரணமோ வேண்டும், அதுவும் முதல் 3 ஆண்டுகளில் மூன்று முறைதான். கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 டிசம்பரில் இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. உலகம் முழுவதும் அலியின் சாவுக்குக் கலங்கிய அதே மாதங்கள் அவை. 2025 ஜூலையில் ஒரு வீடியோ வெளியானது. தெற்கு ஜொல்லா மாகாணத்தின் நாஜு நகரில், செங்கல் தொழிற்சாலை ஒன்றில், இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல் அடுக்கோடு சேர்த்துப் பிளாஸ்ரிக் உறையால் கட்டி, பாரந்தூக்கி வாகனத்தில் உயர்த்திச் சிரிக்கிறார்கள். ஜனாதிபதி லீ ஜே ம்யொங் பகிரங்கமாகக் கண்டித்தார், விசாரணை நடந்தது. அந்தத் தொழிலாளி வேறு வேலைத்தலம் தேடினார். அலியைப் பற்றிய காட்சிகளை மிகைப்படுத்தல் என்று சொன்னவர்கள் இதன்பின் பேசக் காணோம்.

இதை வைத்துக் கொரியாவையே கொடூர நாடு என்று முத்திரை குத்துவதும் தவறு. தன் குறையைத் தானே இத்தனை வெளிச்சத்தில் எடுத்துவைக்கும் துணிவு அந்த நாட்டுக் கலைஞர்களுக்கு இருக்கிறது. 'பரசைட்' திரைப்படம் 2020இல் நான்கு ஒஸ்கார் வென்றதும் அதே துணிவால்தான். நெல்லியடியிலோ நுவரெலியாவிலோ நடக்கும் ஒரு கடன் கதையை, ஒரு வேலைநிறுத்தக் கதையை, ஒரு தொழிற்சாலை விபத்தை நமது தொலைக்காட்சிகள் எத்தனை தொடராக எடுத்திருக்கின்றன? மாமியார், மருமகள், சாபம், சொத்து என்பவற்றைத் தாண்டி நமது தொடர்கள் வர மறுக்கும்போது, பிள்ளைகள் வேறு மொழியில் தம் வீட்டுக் கதையைத் தேடிப் போவார்கள்.

வணிகம் எல்லாவற்றையும் விழுங்கும் என்பதற்கும் இந்தத் தொடர்களே உதாரணம். பணத்துக்காக மனிதரை ஆட வைப்பதைக் கண்டித்த கதையை வைத்து, 2023 நவம்பரில் நெட்பிளிக்ஸ் 456 உண்மையான மனிதரை 45 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஆடவிட்டது. கொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழுக்கும் அதில் பழக்கம் உண்டு: 'ஸ்குவிட் கேம்' வெளியாவதற்கு ஐந்து நாள் முன்பு, 2021 செப்டம்பர் 12 அன்று, அர்ஜுன் தொகுத்து வழங்க ஜீ தமிழின் 'சர்வைவர்' சான்சிபார் தீவில் தொடங்கியிருந்தது, பரிசு ஒரு கோடி ரூபாய். ஹ்வாங் ஒரே பாகத்தோடு நிறுத்த நினைத்த கதையும் நிற்கவில்லை. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம், 2025 ஜூனில் மூன்றாம் பாகம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வாக்கெடுப்பு வைக்கும் யோசனை நன்றாக இருந்தது. பெரும்பான்மை என்ற பெயரில் சிறுபான்மையைச் சாகக் கூட்டிப்போவதை அது காட்டியது. மற்றபடி முதல் பாகத்தின் இறுக்கம் இரண்டிலும் இல்லை. முகமூடி அணிந்த கோடீஸ்வரப் பார்வையாளர்கள் வாய் திறக்கும் காட்சிகள் முதல் பாகத்திலும் மூன்றாம் பாகத்திலும் சகிக்க முடியாதவை.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இவற்றைப் பார்க்கலாமா என்ற பெற்றோரின் கேள்விக்கு நேர்ப் பதில்: பதினெட்டுக்குக் கீழ் என்றால் வேண்டாம், தொடரே அப்படித்தான் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. முதலில் 'ஸ்குவிட் கேமி'ன் முதற்பாகம், ஒன்பது அத்தியாயம். அதற்குப் பின் 'த எய்ட் ஷோ'. கொரியாவுக்குப் போக மொழிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரோடு சேர்ந்து, வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியையும் வாசிப்பதை அதற்கும் முன்னால் செய்யுங்கள்.